மாமாவின் மொரிஸ் மைனரை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுப்பதா?

வெள்ளவத்தைப் பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் என் மாமாவின் மொரிஸ் மைனர் 1000 ஒன்று நிற்கிறது. 1 ஸ்ரீ இலக்கத் தகடு, நாலு கதவு, சாம்பல் நிறம். மாமா பிள்ளைகளோடு கனடாவிலேயே தங்கிவிட்டதால் காரின் பதிவுப் புத்தகத்தை என் பெயருக்கு மாற்றித் தந்துவிட்டார். ஓடுகிற நிலையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் காலிமுகத்திடல் வரை ஒரு சுற்றுப் போய் வருவேன்.

இப்போது வீட்டில் கைக்குழந்தை. எனக்கு ராஜகிரியவில் வேலை. பஸ்ஸும் ஓட்டோவுமாக அலைந்து களைத்துவிட்டேன், கார் ஒன்று கட்டாயம் வேண்டும். மைனருக்கு ஒருவர் நல்ல விலை சொல்கிறார். அதை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் ஒரு சின்ன ஜப்பான் ஹைபிரிட் (பெற்றோலிலும் பட்டரியிலும் ஓடுகிற கார்) எடுக்கலாம். இல்லையென்றால் மைனரையே வடிவாகச் செய்து எடுத்துத் தினமும் ஓடலாம்.

மாமாவின் கூட்டாளிகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, அது அந்தக் காலத்து இரும்பு. இப்போது வருவதெல்லாம் தகரம். பிள்ளையை ஏற்ற இதைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது." மனைவி இதை நம்பத் தயாராக இல்லை. எனக்கும் குழப்பம். பழைய கார் வைத்திருப்பவர்களும் புதிதுக்கு மாறியவர்களும் சொல்லுங்கள்.

சக்கரம்64

விற்காதே மச்சான். விற்றால் திரும்ப வாங்க மாட்டாய்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் பழைய விட்ஸ், வாகன் ஆர் எல்லாம் வாங்கின விலையைவிடக் கூடக் கேட்டு விற்றார்கள். இப்போது திறந்தாலும் என்ன, சுங்க வரி, கலால் வரி, அதற்கு மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) என்று ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த லீசிங் தவணையை மாதா மாதம் யார் கட்டுவது?

மைனரின் முன் கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்குமே, அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மரைன் டிரைவில் பின்னேரம் போய்ப் பார். கடல் காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். எங்கள் அப்பா ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வைத்திருந்தார். காலி வீதியில் தூரத்தில் வரும்போதே எஞ்சின் சத்தத்தை வைத்து அப்பா வருகிறார் என்று அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார். இப்போதைய கார்கள் பத்து ஒரே நேரத்தில் வந்தாலும் எது எங்களுடையது என்று தெரியாது. அந்த உறவைக் காசுக்கு வாங்க ஏலாது.

ஏ40 ஐயா

தம்பி, மாமாவின் கூட்டாளிகள் சொன்னதை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். நானும் அந்தக் காலத்து ஆள்தான். யாழ்ப்பாணத்தில் வேலை பழகி, பிறகு ஆமர் வீதியில் ஒரு கராஜில் பாஸாக, அதாவது கைதேர்ந்த மெக்கானிக்காக, இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வண்டிகள்தான் எனக்குச் சோறு போட்டன. ஆனால் பிள்ளையின் உயிர் என்று வரும்போது அவற்றுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.

தகடு தடிப்பாக இருந்தால் பாதுகாப்பு என்பது சரியில்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காக காப்புறுதிக் கம்பனிகள் நடத்தும் பரிசோதனை நிலையம் ஒன்று உண்டு. 2009ல் அவர்கள் 1959 செவ்ரோலே பெல் எயார் ஒன்றையும் 2009 செவ்ரோலே மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் முன்னுக்கு முன் மோதவிட்டார்கள். பெல் எயார் என்றால் பார்த்தாலே பயப்படுகிற அளவு இரும்பு. அதில்தான் ஓட்டுநர் இருக்கிற இடமே நசுங்கிப்போனது. மாலிபுவில் மூக்கு மட்டும் சுருங்கி, உள்ளே வைத்த பொம்மைக்குக் காலில் காயம் என்கிற அளவோடு நின்றது. புதுக் காரின் மூக்கு சுருங்குவது பலவீனத்தால் இல்லை. அடியை அது வாங்கிக்கொண்டு ஆட்களிடம் வராமல் தடுக்கிறது. அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

உங்கள் மைனரை எடுங்கள். ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சைப் பார்த்தபடி நிற்கும் ஒரே கம்பி. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் மிதி தரை வரை போகும், கை பிரேக் மட்டும்தான் மிச்சம். வந்த காலத்தில் பெல்ட் கிடையாது, குழந்தை இருக்கையைக் கட்ட ஒரு கொளுக்கியும் கிடையாது. ராஜகிரிய மேம்பாலத்தில் முன்னால் போகிறவன் ஏபிஎஸ் (சக்கரம் இறுகிச் சறுக்காத பிரேக்) உள்ள காரில் சட்டென்று நிற்பான். நீங்கள் நிற்க மாட்டீர்கள். கைக்குழந்தையை ஏற்றித் தினமும் ஓட வேண்டாம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

பழைய வண்டியின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

1990க்குப் பிறகு யுத்தத்தில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதைத் தடுத்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒஸ்டின் ஏ40 சோமர்செட், கேம்பிரிட்ஜ், மைனர், அப்புறம் மண்ணெண்ணெய். அந்த மண்ணெண்ணெய்யில்தான் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனோம். ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தலில் சொட்டுப் பெற்றோல் வைத்திருப்போம். பொனட்டைத் திறந்து காபரேட்டர் வாயில் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணுவது. எஞ்சின் சூடு ஏறி மனிபோல்ட் கை வைக்க ஏலாத அளவு ஆனதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஏன் அது ஓடியது? சோமர்செட்டின் 1200 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் 7.2க்கு 1தான். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அழுத்தம் கூடினால் தானே வெடித்துத் தட்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தில் முனகிக்கொண்டாவது இழுக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் இறங்கி அதைத் தண்ணியாக்கிவிடும். டிப் ஸ்டிக்கை இழுத்து மூக்கில் வைத்தால் அடுப்படி வாசம் வரும். ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். அதையெல்லாம் தெரிந்துகொண்டு, கையால் செய்து, ஓடினோம். இன்றைய எஞ்சின் ஒன்று அந்தச் சூழ்நிலையில் ஒரு மைல் போயிருக்காது.

அதனால் நான் எந்தக் காரைப் பார்த்தாலும் கேட்பது இதுதான்: நாளைக்குக் கப்பல் வராவிட்டால் இதை இங்கே யார் செய்து தருவார்? கற்பனைக்காகக் கேட்கவில்லை. 1977க்கு முன் இந்த நாட்டில் புதுக் கார் என்பது கனவு. பிறகு வடக்குக்குத் தடை. பிறகு 2020. என் ஆயுசிலேயே பல தடவை கதவைச் சாத்திவிட்டார்கள். மைனர் அந்தக் கேள்வியில் தேறும். 1990களில் தெற்கில் மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்றால் பாருங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்றைக்கும் தேடினால் சாமான் கிடைக்கும்.

உங்களுக்கு என் யோசனை: 2007க்குப் பிறகு வந்த சாதாரண பெற்றோல் டொயோட்டா ஆக்சியோ மாதிரி ஒன்று. ஹைபிரிட் வேண்டாம். ஊரில் எந்தக் கராஜிலும் கை வைப்பார்கள். வாங்கும்போது சுவிட்ச் போட்டவுடன் எயார் பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்ப்பைக் கழற்றியிருக்கலாம், உள்ளே பை இல்லாமலும் இருக்கலாம். அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 1 ஸ்ரீ என்றால் 1957ஐ ஒட்டிப் பதிவான வண்டி. சிங்கள ஸ்ரீயை இலக்கத் தகட்டில் கட்டாயமாக்கியபோது வடக்கிலும் கிழக்கிலும் அதற்குத் தார் பூசிப் போராடினார்கள், தமிழில் ஸ்ரீ எழுதி ஓடினார்கள். உங்கள் மாமாவின் கார் அந்த நாட்களைக் கண்டது. இதை யாரிடமும் விற்றுவிடாதீர்கள்.

தெஹிவளை மின்சாரம்

ஐயா பாதுகாப்பைப் பற்றி எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. இரண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறவள் என்ற முறையில் நன்றி சொல்கிறேன். ஆனால் "ஹைபிரிட் வேண்டாம்" என்று ஒரே சொல்லில் தள்ளியதை ஏற்க மாட்டேன்.

நான் ஓடுவது டொயோட்டா அக்வா. காலி வீதியில் காலை ஏழரைக்கு வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் வண்டி நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம். அந்த நேரத்தில் பெரும்பாலும் எஞ்சின் நின்றிருக்கும். 2022 ஜூனில் 92 பெற்றோல் 470 ரூபா ஆனது, பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த 20 லீற்றர் போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டில் பழைய ஜீப் வைத்திருந்தவர் பிள்ளைகளை எங்களோடு அனுப்பினார்.

பட்டரி என்றால் எல்லோரும் பயமுறுத்துவார்கள். அக்வாவின் பட்டரி ஒரே கட்டி இல்லை, 20 துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஒன்று பலவீனமானால் அதைக் கண்டுபிடித்து மாற்றித் தருகிறவர்கள் இப்போது கொழும்பிலேயே நிறையப் பேர். ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், கை பழகிய ஆட்கள் இந்தப் பக்கமும் உருவாகிவிட்டார்கள். பட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. பின் இருக்கைப் பக்கத்தில் காற்று இழுக்கும் ஒரு துவாரம் இருக்கும். அதன் வலையில் தூசியும் தலைமுடியும் அடைத்தால் விசிறி சுற்றியும் குளிராது. நான் அதைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்துப் போடுவேன், கால் மணித்தியால வேலை. பலர் பின் இருக்கையில் சாமான் பையை அந்தத் துவாரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, பிறகு ஹைபிரிட்டைத் திட்டுகிறார்கள்.

முழு மின்சாரக் கார் பற்றியும் கேட்பீர்கள். சொந்த வீடும் கூரையில் சோலாரும் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் கீழ்த் தளத்தில் உங்கள் தரிப்பிடத்துக்கு இணைப்பு இழுக்க நிர்வாகக் குழு சம்மதிக்குமா என்று கேளுங்கள். அது இல்லாமல் காரை வாங்கிவிட்டுச் சார்ஜ் பண்ண இடம் தேடி அலைய வேண்டாம்.

ஏ40 ஐயா

மகள், துவாரத்தைப் பற்றி எழுதியது நல்ல விஷயம். அதை நூறு பேர் வாசிக்க வேண்டும். பட்டரி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். துண்டு துண்டாக மாற்ற முடிகிற பொருள் என்றால் அது என் கணக்கில் தேறிய பொருள்தான்.

எனக்குப் பயம் பட்டரியில் இல்லை, கட்டுப்பாட்டுப் பெட்டிகளில். இன்வேர்ட்டர், பிரேக் அக்சுவேட்டர் மாதிரிச் சாமான் போனால் இங்கே திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் இன்னொரு காரில் கழற்றியதைத்தான் போடுகிறார்கள். ஆகவே தம்பி, ஹைபிரிட் எடுப்பதென்றால் கொழும்பில் அதிகமாக ஓடுகிற மொடலாகவே எடுங்கள். வடிவாக இருக்கிறது என்று தெருவில் அபூர்வமாகக் காண்கிற ஒன்றை எடுக்காதீர்கள். அதிகம் ஓடினால்தான் உடைத்த வண்டியும் அதிகம், சாமானும் அதிகம், வேலை தெரிந்த பெடியங்களும் அதிகம். அந்த வகையில் அக்வா எடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

சக்கரம்64

ஐயா, அந்த பெல் எயார் கதையை வாசித்த பிறகு பிள்ளை விஷயத்தில் நான் சொன்னதை நீட்ட விரும்பவில்லை. ஆனால் மைனரில் பெல்ட் பூட்டலாம்தானே? அதைச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்காவது மனம் ஆறும்.

வெள்ளவத்தைப் பெடியன்

எல்லோருக்கும் பெரிய நன்றி. மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மைனரை விற்கவில்லை. வேறு வழியில் முற்பணம் சேர்த்துக்கொண்டு ஒரு அக்வா பார்க்கப் போகிறோம். மைனர் எனக்கு மட்டும், ஞாயிறு மட்டும்.

ஐயா, ஒரு கேள்வி. கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கை முழுதாக மடக்கி மெதுவாகத் திருப்பும்போது முன் இடது பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். ஓடும்போது இல்லை. இது என்ன?

ஏ40 ஐயா

தம்பி, அது என்னவென்று பார்க்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

மைனரில் முன் சக்கரம் திரும்புவது மேலும் கீழும் உள்ள டிரனியன் என்ற இரண்டு துண்டுகளில். புரி போட்ட தண்டு, அந்தப் புரியில்தான் சக்கரம் தொங்குகிறது. கிரீஸ் காய்ந்தால் புரி தேயும். தேய்ந்து முடிந்தால் தண்டு கழன்று சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டி மூக்குக் குத்தும். பெரும்பாலும் மெதுவாக மடக்கும்போதுதான் அது நடக்கும், சத்தமும் அப்போதுதான் வரும்.

ஜாக் போட்டு முன் இடது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பாமல் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் மிதித்தும் ஆடினால் பெயரிங் இல்லை, டிரனியன்தான். பிறகு கம்பி ஒன்றால் சக்கரத்தை மேலே நெம்பிப் பாருங்கள், தூக்குகிறதா என்று. ஆட்டம் இல்லையென்றால் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைத்து, கிரீஸ் கன் வைத்து அடியுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் ஓரத்தால் வெளியே வந்து, புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். அப்படி வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது, புதிது போடுங்கள். 1000 மைல் ஓடுவதற்குள் திரும்ப அடியுங்கள், மழையில் ஓடினால் இன்னும் முன்னுக்கு.

கையோடு, ஓட்டுநரின் காலடியில் கம்பளத்தைத் தூக்கினால் தரையில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் கீழே பிரேக் மாஸ்டர் சிலிண்டர். எண்ணெய் எவ்வளவு என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பலர் பார்ப்பதே இல்லை. 2002ல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கே நின்ற பிறகு எஞ்சின் ஹெட்டில் வால்வ் சீட் மாற்றினார்களா என்றும் மாமாவிடம் கேளுங்கள், பழைய சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான்.

சக்கரம் தம்பிக்கு: பூட்டலாம். ஆனால் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு வெறும் வொஷர் வைத்துப் பூட்டக் கூடாது, இழுபட்டால் தகட்டோடு வந்துவிடும். உள்ளே தடிப்பான இரும்புத் துண்டு ஒட்டி, அதில் நட் வைத்துப் பூட்ட வேண்டும். முதலில் தரையில் கறள் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது கழற்றிய துண்டையும் கையில் கொண்டுபோங்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் டிரனியன் வேறு வேறு, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆட்டிப் பார்த்துவிட்டு மேலே ஆட்டமா கீழே ஆட்டமா என்று இங்கே எழுதுங்கள். எதை வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.