அடக்கும் மரபணு போய்விட்டால் புற்றுநோய் பரவியே தீருமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட் பயாப்சியில் கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 4+3. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'பிடென் இழப்பு' என்று இருக்கிறது. பிடென் என்ற, புற்றை அடக்கும் மரபணு வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இனிமேல் பரவிவிடுமா?

பதில் 1: என் மாமனாருக்கும் இதே வரி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரியில் கூகுள் பார்க்காதீர்கள்.

பதில் 2: நான் நோய்க்குறியியல் லேபில் இருந்து ஓய்வு பெற்றவன், அம்மா. பிடென் சாயம் ஏற்றிய ஸ்லைடில் சுற்றியுள்ள நல்ல செல்கள் பழுப்பாகத் தெரியும். புற்றுச் சுரப்பிகள் மட்டும் வெளிறிக் கிடக்கும். அதைத்தான் 'இழப்பு' என்று எழுதுகிறோம். வளரச் சொல்லும் சமிக்ஞையை அணைப்பது பிடெனின் வேலை. அது போனால் ஆபத்து கூடும், மறுக்கவில்லை. ஆனால் புராஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கும் கட்டிகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த இழப்பு உண்டு.

வளர்வது வேறு, பரவுவது வேறு. பரவுவதை அடக்கும் கேஏஐ-1 என்ற மரபணுவைப் பற்றி 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வேகமாகப் பரவும் எலிப் புராஸ்டேட் புற்றுச்செல்லுக்குள் அந்த மனித மரபணுவைச் செலுத்தி, சுண்டெலிக்குள் ஊசி போட்டார்கள். கட்டி வழக்கம்போல் வளர்ந்தது. நுரையீரலுக்குப் போவது மட்டும் வெகுவாகக் குறைந்தது! ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதத்தோடு கேஏஐ-1 சேரும்போது, புற்றுச்செல் பெருகுவதை நிறுத்திவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. பரவிய நோயில் இந்த மரபணு பெரும்பாலும் உடைந்திருப்பதில்லை, வேலை செய்யாமல் அடங்கிப்போயிருக்கும்.

எனக்குக் கவலை தருவது கூட்டு இழப்புதான். பிடெனோடு டிபி53, ஆர்பி1 என்ற வேறு இரண்டு அடக்கும் மரபணுக்களும் போனால் நோய் ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் திமிறும்.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். தம்பிக்கும் வருமா?

பதில் 2: பிடென் இழப்பு பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நடப்பது, பரம்பரை அல்ல. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் அப்படியில்லை, குடும்பத்தில் இறங்கும். அத்தை, பாட்டி யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்று இருந்ததா? இருந்தால் டாக்டரிடம் சொல்லி, அப்பாவின் ரத்தத்தில் அந்தச் சோதனையைக் கேளுங்கள். அதில் மாற்றம் இருந்து, பின்னாளில் நோய் முற்றினாலும் ஓலபாரிப் மாத்திரை ஒரு வழி. அமெரிக்காவில் 2020-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. பிடெனுக்காக அதைக் கொடுப்பதில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.