சர்வீஸ் டாக்: சேவை நாயா, உதவுநாயா?

அன்பின் சொல்லாக்கக் குழுவினருக்கு,

"சர்வீஸ் டாக்", அதாவது மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாய், இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம். என் அக்கா மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். சின்ன வயதிலேயே காது கேட்காமல் போய்விட்டது. இப்போது அவளிடம் அப்படிப் பயிற்சி பெற்ற லாப்ரடார் நாய் ஒன்று இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் எடுக்கப் படிவம் நிரப்புகிறாள். கோத்தகிரியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். "நாய்க்கு எதுக்குடா லைசென்ஸ், அது என்ன கார் ஓட்டப் போகுதா?" என்கிறாள். தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

"சேவை நாய்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சேவை என்றதும் நம் ஆட்களுக்கு இ-சேவை மையம்தான் கண்முன் வரும்; மலை இறங்கி மேட்டுப்பாளையம் போனால் இடியாப்பம் மாதிரிப் பலகாரமாகத் தேங்காய்ப்பாலோடு தட்டில் வரும். "உதவி நாய்" என்றால் உதவி இயக்குநர், உதவிப் பொறியாளர் வரிசையில் போய்ச் சேரும். அப்போது தலைமை நாய் யார்? "ஏவல் நாய்" என்பது சொன்னதைச் செய்யும் என்ற பொருளில் சரிதான், ஆனால் ஏவல் பக்கத்தில் பில்லியும் சூனியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "துணை நாய்" கேட்க நன்றாக இருக்கிறது. மடியில் சுருண்டு கிடக்கும் பொமரேனியனும் துணைதானே?

அமெரிக்கச் சட்டம் கறாராகப் பிரிப்பது அந்த இடத்தில்தான். அவர்களுடைய மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-ல் வந்தது. 2011 மார்ச் 15 முதல் நடப்பில் உள்ள திருத்திய விதிகளின்படி, ஒருவருடைய குறைபாட்டோடு தொடர்புள்ள வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கிய நாய்தான் சர்வீஸ் டாக். (குட்டைக் குதிரைக்கும் தனி விதி உண்டு. அதற்குச் சொல் தேடும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.) பக்கத்தில் இருந்தாலே மனசுக்குத் தெம்பு என்பது மட்டும் கணக்கில் வராது. அந்த வகையை "ஆறுதல் நாய்" என்று சொல்லிவிடலாம்.

அக்கா மகளுடைய நாய் என்ன செய்கிறது என்று வீடியோவில் பார்த்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். வாசலில் மணி அடிக்கிறது. நாய் எழுந்து வந்து முழங்காலின் பின்பக்கம் மூக்கால் ஓர் இடி இடிக்கிறது. அவள் திரும்பியதும் வாசல் வரை நடந்து போய், நின்று, வருகிறாளா என்று பார்க்கிறது. ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. குரைத்துத்தான் என்ன பயன்? புகை எச்சரிக்கை மணி அடித்தால் மட்டும் எங்கும் கூட்டிப்போகாதாம். அவள் காலடியிலேயே தரையோடு தரையாகப் படுத்துவிடுமாம். ஆபத்து என்று அர்த்தம்.

ஆகவே நான் முன்வைப்பது "உதவுநாய்". ஊறுகாய், குடிநீர் போல வினைத்தொகை. நேற்று உதவியது, இன்று உதவுகிறது, நாளையும் உதவும்.

அடுத்தது லைசென்ஸ். எனக்கு உண்மையான கவலை இதில்தான். "உதவுநாய் உரிமம்" என்று எழுதிக் கொடுத்தால் அம்மா எப்படிப் புரிந்துகொள்வாள்? காது கேளாத பெண் நாயோடு கடைக்குள் நுழைய சர்க்கார் அனுமதி வாங்க வேண்டும் என்றுதானே? நிலைமை நேர் எதிர். கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். தாள் காட்டு என்று கேட்கக் கூடாது, வேலையைச் செய்துகாட்டச் சொல்லவும் கூடாது. நாய் கட்டுக்கடங்காமல் போனாலோ உள்ளே அசிங்கம் செய்தாலோ வெளியேற்றலாம். இணையத்தில் காசு வாங்கிக்கொண்டு "சான்றிதழ்" அனுப்புகிறார்களே, அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது.

அவள் எடுப்பது ஊரில் மற்ற நாய்களுக்கும் எடுக்கிற, வெறிநோய்த் தடுப்பூசி போட்டதைக் காட்டி வாங்கும் உரிமம்தான். கூடவே கலிபோர்னியாவில் இந்த மாதிரி நாய்களுக்கென்று தனி அடையாளத் தகடு தருகிறார்கள். அதற்கு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா வளர்க்கும் நாயை இப்படி ஏமாற்றிச் சொன்னால் அந்த மாநிலத்தில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம்.

எனவே ஊர் நிர்வாகம் தருவதை "நாய் உரிமம்" என்போம். கழுத்தில் தொங்குவது "உதவுநாய்ப் பில்லை". கடைக்குள் போவதற்கு உரிமம் என்ற சொல்லையே போடக் கூடாது, அது உரிமை. என்ன சொல்கிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து

* * *

> நான் முன்வைப்பது "உதவுநாய்"

ஐயா, "பணிநாய்" என்று வைத்தால் என்ன? உதவு என்பதில் ஒரு இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணி என்றால் பணியில் சேர்ந்தது, பணியில் இருக்கிறது, பணி ஓய்வு பெற்றது என்று எல்லாம் தானாக வந்துவிடும். அங்கே இந்த நாய்களுக்கு மாட்டும் சட்டையில் "வேலையில் இருக்கிறேன், தொடாதீர்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உரிமம், உரிமை பற்றிச் சொன்னதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

கொடைக்கானலிலிருந்து

* * *

அக்கா, கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு பணிநாய் என்கிறீர்களே! எழுத்தில் சரி. வாயால் சொன்னால் இங்கே ஊட்டியில் பாதிப் பேருக்கு அது பனிநாய். ஜனவரியில் புல்மேல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது யாரைக் கேட்டாலும் பனிப்பிரதேசத்து ஹஸ்கி நாயைத்தான் காட்டுவார்கள். இன்னொன்று, போலீஸ் நாயும் வனத்துறை நாயும்கூடப் பணி செய்கிறவைதான். அவற்றுக்கு மோப்ப நாய் என்று பேர் நிலைத்துவிட்டது, ஆனாலும் குழப்பம் வரும்.

எனக்குத் தெரிந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் குன்னூரில் இருக்கிறார். அவரிடம் இந்த மடலை வாசித்துக் காட்டினேன். "பேரை அப்புறம் வை. ராத்திரி சிறுத்தை வந்தா நாயை நான் காப்பாத்தணுமா, அது என்னைக் காப்பாத்தணுமா?" என்றார். பஸ்ஸில் ஏற்றுவார்களா என்பது அவருடைய அடுத்த கேள்வி. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. இப்படி ஒரு நாய்க்கு அதில் வரையறை இல்லை. என்றைக்காவது எழுதும்போது "சேவை நாய் உரிமம்" என்று எழுதிவிடாமல் இருந்தால் சரி.

ஊட்டியிலிருந்து

* * *

இருவருக்கும் நன்றி. பெயர் உதவுநாய் என்றே இருக்கட்டும். வினைக்குக் கொடைக்கானல் அம்மாவின் "பணி"யை எடுத்துக்கொள்கிறேன். அது கைமேல் உதவியது. படிவத்தில் இப்படி ஒரு வரி: நாய் இறந்தாலோ வேலையிலிருந்து நின்றாலோ தகட்டை உடனே திருப்பித் தர வேண்டும். "உதவுநாய் இறந்தாலோ பணி ஓய்வு பெற்றாலோ பில்லையை உடனே ஒப்படைப்பேன்" என்று எழுதி வாசித்தேன். என் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓய்வுக்கு அப்புறம் அவகூடவே இருக்குமில்ல?" என்று கேட்டாள். இருக்கலாம், பில்லையை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நாயைக் கூட்டிக்கொண்டு நடத்துகிறவரை ஹேண்ட்லர் என்கிறார்களே, அதற்கு என்ன? "கையாள்" என்று எழுதினால் ரவுடியின் ஆள் போல இருக்கிறது. "பாகன்" என்றால் தெப்பக்காட்டில் யானைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். யாரிடமாவது சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், படிவம் அன்றைக்குப் போகிறது.

கோத்தகிரியிலிருந்து