கம் பிரிண்டில் கறுப்பும் வேண்டும், இடைநிறமும் வேண்டும்: நிறமி எவ்வளவு?

ஒளிநிழல்:
கம் பைக்ரோமேட் பழகுகிறேன்: கோந்து, நிறமி, டைக்ரோமேட் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டிக் கழுவினால் ஒளி பட்ட இடம் மட்டும் இறுகி நிற்கும் அச்சுமுறை. 10 மி.லி. கம் அரபிக் (கோந்து) கரைசலில் டியூபில் வரும் லேம்ப் பிளாக் (புகைக்கரி) வண்ணம் 2 கிராம், அதோடு 10 மி.லி. பொட்டாசியம் டைக்ரோமேட் நிறைவுக் கரைசல். நிழல்கள் நல்ல கறுப்பு. ஆனால் 21 படி ஸ்டெப் வெட்ஜில் (படிப்படியாக ஒளியைக் குறைத்து விடும் சோதனைப் பட்டையில்) நாலைந்து படிதான் பிரிகிறது. முகம் எடுத்தால் கன்னத்து நிழலிலிருந்து நேராக வெள்ளைக்குத் தாவுகிறது. நிறமியை அரை கிராமாக்கினால் படிகள் கூடுகின்றன, கறுப்பு சாம்பலாகிவிடுகிறது. இரண்டும் வர எத்தனை கிராம் போடலாம்?

பிசின்வாளி:
அப்படி ஒரு எடை கிடையாது தம்பி. ஒரே பூச்சில் இரண்டையும் கேட்கிறீர்கள்.

கோந்து மேலிருந்து கீழே இறுகிக்கொண்டு வருகிறது. நிறமி அந்த ஒளியை வழியிலேயே விழுங்குகிறது. நிறமி கூடினால் ஒளி அடிவரை போகாது; மென்நிறங்களில் மேல்தோல் மட்டும் இறுகும், அடி இறுகாமல் கிடக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டதும் அடி கரைய, மேலே இருந்ததும் கூடவே போய்விடும். உங்கள் கன்னம் போனது அப்படித்தான்.

அதனால் பூச்சைப் பிரியுங்கள். முதலில் அரை கிராம், நீண்ட ஒளி: வெளிச்சப் பகுதியும் இடைநிறமும் இதில் வரட்டும். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு அதே நெகட்டிவை அதே இடத்தில் வைத்து 2 கிராம் பூச்சு, குறைந்த ஒளி. ஆழமான நிழல் மட்டும் இதில் பிடித்தால் போதும். தாளை முதலிலேயே வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிவிடுங்கள், இல்லையேல் இரண்டாவது பூச்சு பொருந்தாது. 1890களில் வியன்னாவில் கூன், ஹென்னபெர்க், வாட்ஸெக் என்ற புகைப்படக் கலைஞர்கள் மூவரும் இப்படி அடுக்கித்தான் அந்தப் பெரிய படங்களைச் செய்தார்கள்.

இன்னொன்று. கிராம் கணக்கை அடுத்தவரிடமிருந்து வாங்காதீர்கள். லேம்ப் பிளாக் துகள் மிக நுண்ணியது, கொஞ்சமே போதும். ஐவரி பிளாக் (எலும்புக்கரி நிறமி) அந்த அளவுக்குக் கறுக்காது. டியூபுக்கு டியூப் நிறமியின் அளவும் மாறும்.

வெயில்மாடி:
டைக்ரோமேட்டையும் பாருங்கள். பொட்டாசியம் உப்பு அறை வெப்பத்தில் சுமார் 12 சதவீதத்துக்கு மேல் கரையாது. அதை இன்னும் நீர்த்தால் வேகம் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும். அம்மோனியம் உப்பு இரண்டு மடங்குக்கு மேல் கரையும். கான்ட்ராஸ்ட் இறங்கிப் படிகள் கூடும்.

பிசின்வாளி:
உண்மைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நிறமி, உப்பு, ஒளி மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்றே தெரியாது.

ஒளிநிழல்:
நன்றி சார். 2 கிராம் பூச்சில் வெட்ஜின் கடைசிப் படிகள் அதற்கு முந்திய படியைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கின்றன. ஒளியே படாத இடம் எப்படிக் கறுக்கும்?

பிசின்வாளி:
அது கறை. இறுகாத இடத்தில் நிறமி நேராகத் தாளின் நாருக்குள் இறங்கிவிட்டது. லேசாக இறுகிய படலம் இருக்கும் இடத்தில் தாளுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, அதனால் அது வெளுப்பாகத் தெரிகிறது. ஜெலட்டின் சைசிங் (நாரை அடைக்கத் தாளில் முன்கூட்டியே தடவும் ஜெலட்டின் பூச்சு) போட்டுப் பாருங்கள், அப்புறமும் நின்றால் நிறமியைக் குறையுங்கள். டைக்ரோமேட் சேர்க்காமல் கோந்தையும் நிறமியையும் மட்டும் தாளில் தீற்றிக் கழுவிப் பார்க்கும் சோதனை பழைய கையேடுகளில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை; கலவையில் டைக்ரோமேட் வந்ததும் கதையே வேறு. வெட்ஜையே நம்புங்கள்.

வெயில்மாடி:
மழைக்காலத்தில் பூசிய தாளை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். ஈரக்காற்றில் இருட்டிலேயே இறுகும், அதுவும் கறை மாதிரியே காட்டும். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்: கையுறை கட்டாயம், தூளை நிறுக்கும்போது முகக்கவசமும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று, ஆலைக் கழிவால் அப்படிப் பாதிக்கப்பட்ட ராணிப்பேட்டையில் கேட்டால் சொல்வார்கள்.

ஒளிநிழல்:
சரி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூச்சு போட்டு வெட்ஜோடு ஸ்கேன் ஏற்றுகிறேன்.