லண்டன் போகிறோம்: முதலில் ஸ்கூலா, வீடா?

கோவைவாசி:
2026 ஜனவரியில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் குடும்பத்தோடு போகிறோம். ஆபீஸ் பேடிங்டன் பக்கம், ஹாரோவில் வாடகை வீடு பார்க்கலாம் என்று எண்ணம். பெரியவன் பிறந்தது 2011 நவம்பர், இங்கே ஒன்பதாவது, சிபிஎஸ்இ. சின்னவள் 2019 ஜூன், ஒன்றாவது. ஆஃப்ஸ்டெட் (ஸ்கூல்களைச் சோதித்து மதிப்பிடும் அரசு அமைப்பு) ‘அவுட்ஸ்டேண்டிங்’ கொடுத்த ஸ்கூல்களாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இங்கிருந்தே சீட் வாங்க முடியுமா? டொனேஷன், நுழைவுத் தேர்வு எல்லாம் உண்டா?

மிடில்செக்ஸ் மாமா:
அரசு ஸ்கூலில் ஃபீஸே கிடையாது, அப்புறம் டொனேஷன் எங்கே? பெரும்பாலும் கிராமர் ஸ்கூல்களுக்குத்தான் (தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு ஸ்கூல்கள்) தேர்வு. தனியார் வேண்டாம் என்றால் அந்தக் கவலையை விடுங்கள். (2025 ஜனவரியிலிருந்து தனியார் ஃபீஸ் மேல் 20% வாட் வேறு.)

பட்டியலை ஓரமாக வையுங்கள். அரசு ஸ்கூல்களுக்கு அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டை 2024 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் பார்ப்பது பழைய கணக்கு. நடு வருஷத்தில் போகிறவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த ஸ்கூலில், எந்த இயரில் (வகுப்பில்) இடம் காலி? கவுன்சில் (அந்தப் பகுதி உள்ளாட்சி) அட்மிஷன்ஸ் பிரிவுக்கு மெயில் போட்டால் சொல்வார்கள். சில ஸ்கூல்கள் விண்ணப்பத்தை நேரடியாக வாங்கும், அதையும் கேளுங்கள். காலி இருக்கும் ஸ்கூலைச் சுற்றி வீடு தேடுங்கள்.

வகுப்பு வயதை வைத்துத்தான், செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒரு செட். பெரியவன் இயர் 9. சின்னவள் ஒன்றாவது படித்தாலும் அங்கே இயர் 2. அவளுக்குத்தான் சிக்கல் அதிகம். ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 மூன்றிலும் ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டம். 30 நிரம்பிவிட்டால் அப்பீலில் ஜெயிப்பது அபூர்வம். செப்டம்பரில் இயர் 3 போனதும் அந்த உச்சவரம்பு இல்லை. அதனால் முதலில் கிடைக்கிற இடத்தில் சேர்த்துவிட்டு, பிடித்த ஸ்கூலின் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் போடுங்கள்.

வெயிட்டிங் லிஸ்டில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற பேச்சே இல்லை. அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் வரிசை. மூன்றாவது இடத்தில் இருக்கும்போது பக்கத்துத் தெருவுக்கு ஒரு குடும்பம் குடிவந்தால் நாலாவதாகிவிடுவீர்கள்.

கோவைவாசி:
நன்றி சார். வீடு அமைகிற வரை நண்பர் வீட்டு அட்ரஸ் கொடுத்தால் தப்பா?

க்ராய்டன் கலா:
அங்கே குடியிருக்காமல் அட்ரஸ் மட்டும் கொடுத்தால் தப்புதான். கவுன்சில் டாக்ஸ் (அங்கத்திய வீட்டு வரி) பதிவோடு ஒப்பிடுவார்கள். பொய் என்று தெரிந்தால் கொடுத்த சீட்டையும் திரும்ப வாங்கலாம். ஏர்பிஎன்பி மாதிரித் தற்காலிக வீட்டில் இருந்துகொண்டு விண்ணப்பம் போட்டாலும், வீடு மாறியதும் தூரத்தை மறுபடி கணக்கிடுவார்கள். கையெழுத்தான வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட், பர்த் சர்டிஃபிகேட் தயாராக இருக்கட்டும். விண்ணப்பித்து அதிகபட்சம் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இல்லை என்று வந்தால் அப்பீலுக்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் உண்டு. டிசி அங்கே கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கி வையுங்கள், ஊர் திரும்பினால் இங்கே கேட்பார்கள்.

ஃபிசிக்ஸ் வாத்தியார்:
பெரியவனைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. ஜனவரி அவனுக்கு நல்ல நேரம். ஜிசிஎஸ்இ (நம்மூர் பத்தாவது மாதிரி, இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) பாடங்களைப் பெரும்பாலான ஸ்கூல்களில் இயர் 9 நடுவில்தான் தேர்ந்தெடுப்பார்கள். பயணத்தை ஒரு வருஷம் தள்ளினால் இயர் 10 நடுவில் போய் விழுவான். அங்கே தேர்வு போர்டு ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும்: ஒரு ஸ்கூல் ஏக்யூஏ, அடுத்த ஸ்கூல் எடெக்செல். இலக்கியத்தில் நடத்தும் நாடகமே வேறாக இருக்கும், பாதிப் பாடம் முடிந்திருக்கும். அவன் விரும்பும் பாடத்தில் இடமும் இருக்காது. எனவே ஸ்கூலிடம் மூன்று கேள்வி: ஆப்ஷன்ஸ் (பாடத் தேர்வு) எப்போது, கம்ப்யூட்டர் சயின்ஸ் உண்டா, ட்ரிபிள் சயின்ஸ் (ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் தனித்தனிப் பாடமாக) எல்லோருக்குமா இல்லை நன்றாகப் படிக்கும் மேல் செட்டுக்கு மட்டுமா? கணக்கில் சிபிஎஸ்இ பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். பாரா பாராவாக எழுதவேண்டிய இங்கிலீஷில்தான் இப்போதிருந்தே பயிற்சி வேண்டும்.

க்ராய்டன் கலா:
இன்னொன்று. ஊரில் கல்யாணம், பொங்கல் என்று டேர்ம் நடுவில் லீவு போட முடியாது. பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் ஐந்து நாள் சேர்ந்தால், ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்ட் அபராதம். உங்கள் வீட்டுக்கு 320. 21 நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு.