பிறவி பிட்யூட்டரிக் குறைபாடு: மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் உண்டா?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். தங்கை மகனுக்கு ஏழு மாதம். பிறந்த மறுநாளே ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது, மஞ்சள் காமாலையும் விடவில்லை. மூளைக்கு அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கோளாறு என்று தெரியவே ஆறு வாரம் ஆனது. இப்போது குறையும் ஹார்மோன்களுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன், தைராக்சின் மருந்துகள் கொடுக்கிறோம். பிள்ளை நன்றாகச் சிரிக்கிறான்.

பலருக்கு மரபணுக் காரணம் அகப்படுவதே இல்லை, தெரியும். ஆனால் பிட்யூட்டரி உருவாக உதவும் எல்எச்எக்ஸ்-3 (LHX3) மரபணுவில் கோளாறு என்றால் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது, அடுத்த பிள்ளைக்கும் 25 விழுக்காடு வாய்ப்பு. கழுத்து திரும்புவதையும் காது கேட்பதையும்கூடப் பார்க்க வேண்டும். அதே வகை எல்எச்எக்ஸ்-4 (LHX4) மரபணு என்றால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், அவர் நல்ல சுகமாகவும் இருக்கலாம். தங்கைக்கு இந்த யோசனையிலேயே தூக்கம் போய்விட்டது.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இந்தப் பரிசோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு ரிங்கிட் ஆனது, முடிவு வர எத்தனை மாதம்? அப்புறம், பெற்றோரின் ரத்தத்தையும் சேர்த்தே எடுத்தார்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.