ஆன்போர்டு ராம் லேப்டாப் வாங்கலாமுங்களா? தூசிக்கு எது தாங்கும்?

திருப்பூர் டிசைனர்:
வணக்கமுங்க. பனியன் கம்பெனில பிரிண்டிங் டிசைன் பண்றேன், நாள் முழுக்க கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான். என்ற பழைய லேப்டாப் ரெண்டு வருசத்துல மூணு தடவ டிஸ்ப்ளே வராம நின்னுருச்சு, ஒவ்வொரு தடவையும் கழட்டி ராமை ரப்பர் வெச்சு தேச்சு திரும்ப சொருகுனா ஓடுது. கட்டிங் செக்சன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், பஞ்சு எப்படி பறக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும். இப்ப புதுசு வாங்கோணும், கடைல 16 ஜிபி ஆன்போர்டு ராம் (போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டுனது, கழட்ட முடியாது) இருக்கறத காட்டி இதுல லூஸ் ஆகற பிரச்சனையே இல்லைங்கறாங்க. ஆனா அஞ்சு வருசம் ஓட்டோணும், நடுவுல ராம் பத்தலைன்னா என்னங்க பண்றது?

காந்திபுரம் சர்வீஸ்:
கடைக்காரர் சொன்னது பாதி நெசம் தம்பி. சொருகற ராம்ல சிப்பு கெடறத விட பல்லும் ஸ்லாட்டும் தொடற எடத்துல தூசி, களிம்பு ஏறித்தான் எங்ககிட்ட நெம்ப வருது. அந்த ரப்பர மொதல்ல நிறுத்துங்க, அந்தப் பல்லு மேல இருக்கற தங்கப் பூச்சு ரொம்ப சன்னம், தேஞ்சே போயிரும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சா போதும். ஆன்போர்டுல இந்தத் தொல்லை கெடையாது, ஆனா உங்க பஞ்சு அங்கயும் விடாது. ஃபேன்ல அடைச்சு போர்டு சூடாகி ஆறி சூடாகி ஆறி, சிப்புக்கு அடில இருக்கற சால்டர் உருண்டைல விரிசல் விழுகலாம். ஸ்லாட்டுன்னா பத்து நிமிசத்துல வேற ராம் போட்டு குடுத்துருவேன், ஆன்போர்டுல ஒரு சிப்பு போனா ரீபால் பண்ணோணும் (சிப்ப எடுத்து அடில சால்டர் உருண்டைய புதுசா வெச்சு ஒட்டறது), இல்லைன்னா போர்டையே மாத்தோணும், அந்த செலவ கேட்டு மூஞ்சி வாடி போறவங்கள வாரத்துக்கு ஒருத்தர பாக்கறேன்.

ஈரோட்டுக்காரன்:
சர்வீஸ் அண்ணா சொல்றது சரிதான், ஆனா ஆன்போர்டுன்னாலே கம்பெனிக்காரன் ஏமாத்துறான்னு நெனைக்க வேண்டாமுங்க. ஆன்போர்டுல வர்ற எல்பிடிடிஆர்5எக்ஸ் ராம் வேகம் 8533, அதுக்கு மேலயும் போகும், சாதாரண டிடிஆர்5 சோடிம் (ஸ்லாட்டுல சொருகற ராம்) லேப்டாப்புல பெரும்பாலும் 5600தான், அந்த வேகத்துக்கு கரண்டும் கம்மியா இழுக்கோணும்னா ராம் ப்ராசஸர் பக்கத்துலயே ஒட்டி இருக்கோணும். கழட்டி மாத்தறதுக்குன்னே லேப்டாப் பண்ற ஃப்ரேம்வொர்க்கே 2025ல அறிவிச்ச டெஸ்க்டாப்புல ராமை சால்டர் பண்ணித்தான் குடுத்தாங்க. ஸ்குரூ போட்டு மாட்டற, கழட்டவும் முடியற எல்பிகேம்2ன்னு ஒரு ராம் வந்திருக்கு, 2024ல லெனோவா திங்க்பேட் பி1 ஜென் 7 லேப்டாப்புல வந்துச்சு, ஆனா நம்ம பட்ஜெட்ல தேடறது கஷ்டமுங்க.

பல்லடம் தறி:
நான் 2021ல 8 ஜிபி ஆன்போர்டு வாங்கி மாட்டிகிட்டேன். கிராபிக்ஸ் கார்டு தனியா இல்லாததால அதுவும் இந்த 8லயே பங்கு எடுத்துக்குது, ஃபைல் பெருசான்னா அப்படியே நிக்குது, மெசின் நல்லாத்தான் இருக்கு ஆனா என்ற வேலைக்கு ஆகல, அதுதான் வயித்தெரிச்சல். கடைல டாஸ்க் மேனேஜர்ல மெமரிய தொறந்து பாருங்க, ஃபார்ம் ஃபேக்டர்ல சோடிம்னு இருந்தா கழட்டலாம், ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா போர்டுல ஒட்டுனது. ஆன்போர்டுதான்னா 32க்கு கம்மியா வாங்காதீங்க.

திருப்பூர் டிசைனர்:
நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். 32 பட்ஜெட்டுக்கு எட்டாது, அதனால ஸ்லாட் இருக்கறதா 16 பாக்கறேன். சர்வீஸ் அண்ணா, ஃபேன் கிளீனிங் எத்தன மாசத்துக்கு ஒருக்கா பண்ணோணும்?

காந்திபுரம் சர்வீஸ்:
கட்டிங் பக்கத்துலன்னா மூணு மாசம் தம்பி, அதுக்கு மேல விடாதீங்க.