வொட்சன் மாறிவிட்டார், தொடர்வதா நிறுத்துவதா?

கோட்டடி மான்:
சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு அறிவித்தல். திருகோணமலை உவர்மலை மொட்டைமாடியில் போட்டுவந்த, பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனமான கிரனாடாவின் ஷேர்லொக் ஹோம்ஸ் தொடரில் முதல் 13 பகுதிகளும் முடிந்துவிட்டன. போன கிழமை துப்பறிவாளர் ஹோம்ஸும் அவருடைய எதிரி மொரியாட்டியும் அருவியில் விழுந்தார்கள். அடுத்த பகுதியில் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வருவார். நடிகர் அதே ஜெரமி பிரெட்தான். ஆனால் ஹோம்ஸின் நண்பர் டொக்டர் வொட்சனாக நடிப்பது வேறு ஆள்: டேவிட் பேர்க் போய் எட்வேர்ட் ஹார்ட்விக் வருகிறார். இதற்காகப் படியிறங்கும்போதே இரண்டு பேர் சண்டை. இத்தோடு நிறுத்தி, கம்பர்பாட்ச் ஹோம்ஸாக நடித்த பிபிசி தொடருக்குப் போவோம் என்கிறது ஒரு கட்சி. விடமாட்டோம் என்கிறது மற்றது. படியில் நின்று கத்தினால் கீழ்வீட்டு அம்மாவுக்கு நித்திரை குழம்பும். இங்கே கதையுங்கள்.

உப்புவெளி:
படியில் கத்தியவர்களில் ஒருவன் நான்தான், ஒளிக்க ஒன்றும் இல்லை. நாதஸ்வரக்காரர் அதே ஆள், பாதிக் கச்சேரியில் தவில் மட்டும் கைமாறினால் கேட்டுக்கொண்டு இருப்பீர்களா? ஹோம்ஸ் கதைகளில் வொட்சன் சும்மா கூட வருகிற ஆள் இல்லை. கதையைச் சொல்வதே அவர்தான். பேர்க் அந்த இடத்தை எவ்வளவு கலகலப்பாக வைத்திருந்தார்! ஹோம்ஸ் ஏதாவது பெருமையடித்தால் பத்திரிகையை இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்காகவே நான் வந்தேன். ஹார்ட்விக்கைப் படத்தில் பார்த்தேன். யாரோ பெரியப்பா கலியாண வீட்டுக்கு வந்து ஓரமாக இருந்ததுபோல இருக்கிறார்.

பிபிசி தொடரைப் பாருங்கள். 2010இல் தொடங்கி 2017 வரை 13 பகுதிகள், ஒன்று சிறப்புப் பகுதி. முதலிலிருந்து கடைசி வரை மார்ட்டின் ஃப்ரீமன்தான் வொட்சன். எடுத்த வேலையை முடித்துக் கொடுத்த மனிதர்.

ரீச்சர்:
தம்பி உப்புவெளி, உமது பெரியப்பா பேர்க்கைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஹார்ட்விக் பிறந்தது 1932இல், பேர்க் 1934இல், பிரெட் இடையில் 1933இல். மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே வகுப்பில் படித்திருக்கக்கூடியவர்கள். அப்படியிருக்க ஏன் ஹார்ட்விக் மூத்தவராகத் தெரிகிறார் என்று யோசித்தீரா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பேர்க் சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. அவருக்கும் மனைவி அன்னா கால்டர் மார்ஷலுக்கும் றோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் ஒன்றாக நடிக்க வாய்ப்பு வந்தது, வீட்டில் சின்ன மகன். மன்செஸ்டரில் மாதக்கணக்காக நின்று படப்பிடிப்புச் செய்தால் பிள்ளையை எப்போது பார்ப்பது? போகும்போது ஹார்ட்விக்கின் பெயரைச் சொன்னதும் பேர்க்தான். தவில்காரர் தானே ஆளைக் கூட்டிவந்து இருத்திவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன மகன் யார் தெரியுமா? டொம் பேர்க். 2017இலிருந்து பிபிசியில் ஸ்ட்ரைக் தொடரில் ஒரு கால் இழந்த தனியார் துப்பறிவாளராக வருகிறவர். வொட்சன் வீட்டில் இருந்து வளர்த்த பிள்ளை துப்பறிவாளராகிவிட்டது! இது தெரிந்த பிறகும் பேர்க் போனதில் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது கதைக்கு வருவோம். அருவிப் பகுதி ஒளிபரப்பானது 1985 செப்டெம்பரில், ஹோம்ஸ் திரும்பும் பகுதி 1986 ஜூலையில். ஆனால் கதைக்குள் ஓடுவது மூன்று வருடம். மூன்று வருடமாக நண்பன் செத்துவிட்டான் என்று நம்பி, ஒருவரிடமும் மனம்விட்டுக் கதைக்காமல் வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்த மனிதர் வேறு முகத்தோடுதான் இருப்பார். குரல் தணிந்திருக்கும், சிரிப்பு குறைந்திருக்கும். நடிகர் மாறுவதற்கு அந்தத் தொடர் முழுவதிலும் பொருத்தமான இடம் அது ஒன்றுதான், அங்கேயே மாறியது. ஹோம்ஸைக் கண்டதும் ஹார்ட்விக் மயங்கி விழுகிறார். பேர்க் விழுந்திருந்தால் எழுந்து ஒரு பகிடி விட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. நாங்கள் திருகோணமலைக்காரர், இந்தத் தொடரைப் பாதியில் விட எங்களுக்கு என்ன உரிமை? 1984 ஏப்ரல் 24இல் இது தொடங்கியது பொஹீமிய அரசரின் கதையோடு. ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில் அதை 1891இல் எழுதியபோது முதல் பக்கங்களிலேயே நம் ஊர் வருகிறது: திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று.

டொக்யாட் பேரன்:
ரீச்சர், அந்த அட்கின்சன் விஷயத்தை நான் எத்தனை வருடமாகத் தேடுகிறேன்! டொயில் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டார், என்ன நடந்தது என்று எங்குமே எழுதவில்லை. என் அப்பப்பா இங்கே டொக்யாட்டில், கடற்படைக் கப்பல் பட்டறையில், வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வரைக்கும் எத்தனையோ துரைமாரைக் கண்டவர், அட்கின்சன் என்று ஒருவரையும் சொன்னதில்லை. கோட்டைக்குள் மான் மேய்கிற பக்கம் எங்கேயாவது புதைத்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வொட்சன் மாறியது எனக்குப் பிரச்சினையே இல்லை. எனக்குக் கஷ்டமாக இருப்பது ஹோம்ஸ்தான். முழுத் தொடரும் 41 பகுதி, 1994 வரை ஓடியது. பிந்திய பகுதிகளை நான் தனியாகப் பார்த்தவன். பிரெட்டுக்கு மனநோய், அதற்கு லித்தியம் என்ற மருந்து, அதோடு இதயக் கோளாறு. முதல் பகுதியில் கத்தி மாதிரி இருந்த முகம் ஊதிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு வசனம் பேசுகிறார். தொடர் முடிந்து அடுத்த வருடம், 1995 செப்டெம்பரில், 61 வயதில் இதயம் நின்று போய்விட்டார். பார்க்கிறபோது கதையில் யார் கொலைகாரன் என்று மனம் போகாது. இந்த மனிதரை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்றுதான் போகும். அதனால் என் யோசனை: 1988 வரைக்கும் பார்ப்போம். பிறகு நிறுத்துவோம்.

உப்புவெளி:
பார்த்தீர்களா! கடைசியில் நிலைமை எப்படிப் போனது என்பதை நான் சொல்கிறேன். ஒரு பகுதியில் ஹார்ட்விக் வேறு படத்துக்குப் போய்விட்டார், வொட்சன் இல்லை. ஹோம்ஸின் அண்ணன் மைக்ரொஃப்ட்டாக நடித்த சார்ல்ஸ் கிரே அவருக்குப் பதிலாக வருகிறார். இன்னொரு பகுதியில் பிரெட்டுக்குச் சுகமில்லை, மைக்ரொஃப்ட்டே துப்பறிகிறார். ஹோம்ஸ் தொடரில் ஹோம்ஸும் இல்லை. மீன் முடிந்துவிட்டது, குழம்பு மட்டும் இருக்கிறது என்று சாப்பாட்டுக்கடையில் சொன்னால் அங்கேயே இருப்பீர்களா?

ரீச்சர்:
குழம்பு நல்லதென்றால் இருப்பேன்.

பேரன், உமக்குத்தான் சொல்ல இருக்கிறது. எங்கள் வீட்டு ஐயாவுக்கும் கடைசி இரண்டு வருடம் முகமும் காலும் வீங்கித்தான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறையில் போய் இருக்கவில்லை. பிரெட்டை யாரும் கட்டி வைத்து நடிக்க வைக்கவில்லை. டொயில் எழுதியது 60 கதை, அத்தனையையும் செய்து முடிக்கவேண்டும் என்று நின்றது அவர்தான். 1985இல் மனைவி புற்றுநோயால் போன பிறகும், தான் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய பிறகும் திரும்பி வந்து அந்தத் தொப்பியைப் போட்டார். அந்த முகத்தோடும் கண் இருக்கிறதே, அந்தக் கண் 1984இல் இருந்த அதே கண். நீர் மூச்சைக் கவனித்தீர், கண்ணைக் கவனிக்கவில்லை.

டொக்யாட் பேரன்:
ரீச்சர், மன்னிக்கவேண்டும். ஐயாவை நினைத்து எழுதவில்லை.
ஆனாலும் 1994 பகுதிகளைக் கூட்டத்தில் எல்லோரோடும் இருந்து பார்க்க என்னால் முடியாது. வேண்டுமென்றால் அந்த நாட்களில் நான் வராமல் விடுகிறேன். மற்றவர்களைத் தடுக்கவில்லை.

கோட்டடி மான்:
இது எனக்கு நியாயமாகப் படுகிறது. 1994க்கு நாங்கள் போய்ச் சேர எப்படியும் அடுத்த வருடம் ஆகும், அப்போது பார்ப்போம். இப்போதைய கேள்வி இந்தச் சனிக்கிழமை என்ன போடுவது.

சம்பல்தீவுப் பிள்ளை:
நான் இந்தக் கூட்டத்துக்குப் புதுசு. கம்பர்பாட்ச்சைப் பார்த்துத்தான் ஹோம்ஸுக்கே வந்தேன், அதனால் உப்புவெளி அண்ணை என்னைத் தன் பக்கம் எண்ணி வைத்திருப்பார். ஆனால் நான் ரீச்சர் பக்கம்.

பிபிசியிலும் ஹோம்ஸ் விழுகிறார். அருவிக்குப் பதிலாக லண்டனில் ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்து. அது 2012 ஜனவரியில் வந்தது, திரும்பி வந்த பகுதி 2014 ஜனவரியில். இடையில் இரண்டு வருடம் ரசிகர்கள் எப்படித் தப்பினார் என்று மண்டையை உடைத்தார்களாம். அங்கே வொட்சன் அதே ஃப்ரீமன்தான், ஆனால் பிரிவைக் காட்ட ஒரு மீசை வைத்தார்கள். மீசை! அதைப் பகுதி முடிவதற்குள் மழித்தும் விட்டார்கள். ஹோம்ஸைக் கண்டதும் அவர் மயங்கவில்லை, பாய்ந்து அடிக்கிறார். எனக்கு அந்தக் கோபம் பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆள் மாறவில்லையே என்பதால், இரண்டு வருடம் போனது மனதில் தைக்கவில்லை. போன கிழமைதான் சந்தித்தது மாதிரி இருக்கிறது.

ஒன்று செய்யலாமா? இரண்டு திரும்பி வரும் பகுதிகளையும் ஒரே மாலையில் போடுவோம். கிரனாடா ஐம்பது நிமிடம், பிபிசி ஒன்றரை மணி. முதலில் மயக்கம், பிறகு அடி.

கோட்டடி மான்:
பிள்ளை, பெரியவர்கள் இத்தனை நாளாகச் செய்யாததை ஒரு பதிவில் செய்துவிட்டீர். மூன்று வாங்கு கூடுதலாகப் போடவேண்டும். கரண்ட் நின்றால் என்னைத் திட்டாதீர்கள். ஆறு மணிக்குச் சரியாகத் தொடங்குவோம். கோணேசர் கோயில் பூசைக்குப் போகிறவர்கள் பிந்தி வந்தால் பின்வரிசையில் சத்தம் போடாமல் இருக்கவேண்டும்.

டொக்யாட் பேரன்:
நான் வருவேன். அட்கின்சன் சகோதரர்களுக்காக இரண்டு கதிரை வெறுமையாக விடுங்கள்.

உப்புவெளி:
வருகிறேன், ஆனால் என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. ஹார்ட்விக் வந்ததும் எழுந்து கீழே போய்த் தேத்தண்ணி குடிப்பேன். பிபிசி தொடங்கும்போது கூப்பிடுங்கள்.

ரீச்சர்:
தாராளமாகப் போம் தம்பி. அந்த மயங்கி விழுகிற காட்சி முடியட்டும், பிறகு போம்.

உப்புவெளி:
அது எத்தனையாவது நிமிடத்தில் வரும் ரீச்சர்?